நொச்சிப்பொட்டல் மலையம்மாளின் பரீட்சை

அனுப்புநர்:
சோ. பிலவேந்திரன்,
ஆசிரியரும் உபதேசியாரும்,
மிஷன் ஆரம்பப் பாடசாலை,
நொச்சிப்பொட்டல் கீழத்தெரு,
அலங்காநல்லூர் வழி, மதுரை ஜில்லா.

பெறுநர்:
சங்கைக்குரிய மானேஜர் சுவாமியவர்கள்,
மிஷன் பாடசாலைகள் மற்றும் ஞானோபதேச வகுப்புகள்,
மதுரை.

பொருள்: 1937 அக்டோபர் 24 ஞாயிறன்று நொச்சிப்பொட்டலில் பெரியவர்களுக்கு நடந்த ஞானஸ்நானப் பரீட்சையை மறுபடி நடத்தவும், அதைக் காரணமாக வைத்துப் பாடசாலையை வேறு ஊருக்கு மாற்றும் உத்தரவை நிறுத்தவும் கோருவது.

பார்வை: இதே விஷயமாக நான் அனுப்பிய அக்டோபர் 26, நவம்பர் 2 தேதியிட்ட இரண்டு மனுக்கள். பதில் இல்லை.

சங்கைக்குரிய சுவாமியவர்களுக்குத் தோத்திரம்.

1. இது மூன்றாவது மனு. முதல் இரண்டையும் பங்கு அலுவலகத்தின் மூலமாக அனுப்பினேன். அவை தங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்தனவா என்று எனக்குத் தெரியவில்லை. இதை மதுரைக்குப் போகும் வண்டிக்காரர் ஒருவர் கையில் நேராகக் கொடுத்தனுப்புகிறேன். முறை தப்பு என்று தெரியும். முறைப்படி அனுப்பியதற்குக் கிடைத்த பலன் மேலே சொன்னதுதான் என்பதால் மன்னிக்கக் கோருகிறேன்.

2. நொச்சிப்பொட்டல் கீழத்தெருவில் அறுபது வீடுகள். எல்லாரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். 1935 ஆனி மாதம் இவர்கள் தாங்களாக வந்து வேதத்தில் சேர விருப்பம் தெரிவித்ததால் மிஷன் இங்கே ஒரு கூரைக் கொட்டகை போட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கி, என்னை நியமித்தது. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். மற்ற நேரத்தில் பெரியவர்களுக்கு ஞானோபதேசக் கேள்வி பதில். இரண்டாம் வருட முடிவுக்குள் ஞானோபதேசம் படிக்கிற பெரியவர்களில் பாதிப்பேராவது பரீட்சை தேறி ஞானஸ்நானம் பெறாவிட்டால் பள்ளிக்கூடத்தை வேறு கிராமத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது நிபந்தனை. இது நியமன உத்தரவிலேயே இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு வயது இருபத்தொன்று. இரண்டு வருடம் என்பது மிக நீண்ட காலம் என்று நினைத்திருந்தேன்.

3. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஞானோபதேசம் கற்பிக்கும் முறையைப் பற்றி ஒரு வருடம் பாடம் நடத்தினார்கள். முதலில் படத்தைக் காட்டு, பிறகு கதையைச் சொல், அதன் பிறகு கேள்வியைக் கேள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல முறைதான். ஆனால் கிழக்கு வெளுக்கும்போது வயலுக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பி, அதற்குப் பிறகு நெல் குத்திக் கஞ்சி காய்ச்சுகிற பெண்ணுக்கு எந்த மணிக்குப் படத்தைக் காட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. விளக்கு வைத்த பிறகு வகுப்பு வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்த்தேன். நடவும் களையும் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை. மூன்றாம் மாதம் தங்களுக்கு அனுப்பிய அறிக்கையில் "முன்னேற்றம் சுமார்" என்று எழுதினேன். உண்மையில் முன்னேற்றமே இல்லை.

4. வழி கண்டுபிடித்தவள் மலையம்மாள். இவள் சோணைமுத்து என்பவரின் மனைவி. நடவுப் பெண்களுக்கு முதல் குரல். நடவில் ஒருத்தி முதலடியைப் பாடுவாள், மற்றவர்கள் அடுத்த அடியை வாங்கிப் பாடுவார்கள். பாட்டுக்குத் தகுந்தபடி கை போகும். நொச்சிப்பொட்டலில் அந்த முதலடி இருபது வருடமாக மலையம்மாளுடையது. ஒருநாள் என்னிடம் அவள் சொன்னது இது:

"வாத்தியாரே, நீங்க எங்களை உக்கார வச்சுச் சொன்னா தூக்கம்தான் வருது. வரப்புல வந்து நின்னு சொல்லுங்க. நான் பாட்டாக் கட்டிக்கிறேன். இம்புட்டுப் பாட்டு தெரியும், இது தெரியாதாக்கும்?"

5. அப்படியே செய்தோம். பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை நான் ஞானோபதேசப் புத்தகத்தோடு வரப்பில் நிற்பேன். கேள்வியை ஒரு தரம், பதிலை ஒரு தரம் வாசிப்பேன். கேள்வியை மலையம்மாள் எடுத்துக்கொள்வாள். பதிலை மற்ற இருபத்திரண்டு பெண்களும் சொல்வார்கள். "உன்னைப் படைத்தவர் யார்?" என்று ஒரு குரல், "சர்வேசுரன்" என்று இருபத்திரண்டு குரல், நாற்று ஊன்றி ஓர் அடி பின்னால். "எதற்காகப் படைத்தார்?" அதற்குப் பதில், மறுபடி ஓர் அடி பின்னால். நடவு இல்லாத நாளில் களையெடுப்பில் நடந்தது, அறுப்பிலும் நடந்தது. பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த ஆண்களும் கேட்டுக்கொண்டார்கள். இப்படி இரண்டு வருடத்தில் புத்தகத்திலிருந்த எழுபத்திரண்டு கேள்விகளும் முடிந்தன. பாட்டை மட்டும் படிக்கவில்லை, பொருளையும் பேசினார்கள். சர்வேசுரன் எங்கும் இருக்கிறார் என்ற பதில் வந்த அன்று, பங்குக் கோயிலில் இவர்களைப் பிரித்து உட்கார வைக்கிற கம்பிக்கு இந்தப் பக்கமும் இருப்பாரா என்று அவர்களாகவே கேட்டுச் சிரித்துக்கொண்டார்கள். நான் அதை அறிக்கையில் எழுதவில்லை.

6. வயலுக்குச் சொந்தக்காரர் காசிமாயன். இவர் வேதத்தில் சேர விரும்பியவர் அல்ல. முதலில் என்னை வரப்பை விட்டு இறங்கச் சொன்னார். பிறகு, நடவு முன்னைவிடச் சுருக்காக முடிவதைக் கண்டு, "சரி, என்னத்தையோ சொல்லிட்டுப் போங்க வாத்தியாரே, வேலை ஓடுதுல்ல" என்று விட்டுவிட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் வரப்பில் நின்றதில் அவருக்கே பாதிக் கேள்விகளுக்கு மேல் பதில் தெரியும். அக்டோபர் 24ஆம் தேதி அவர் பரீட்சைக்கு வந்திருந்தால் தேறியிருப்பார் என்று நம்புகிறேன்.

7. அன்று நடந்தது. தலைமை உபதேசியார் திரு. மதலைமுத்து அவர்கள் பதினோரு மணிக்கு மாட்டு வண்டியில் வந்தார். பள்ளிக்கூடக் கொட்டகையைக் கூட்டி மெழுகி, பாய் விரித்து வைத்திருந்தோம். உள்ளே புழுக்கமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். தெருவுக்குள் வரவே இல்லை. வாய்க்கால் கரையில் வேலமர நிழலில் வண்டியிலிருந்து நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். பரீட்சைக்கு வந்த இருபத்து மூன்று பெண்களும் பதினோரு ஆண்களுமாக முப்பத்து நான்கு பேரும் நிழலுக்கு வெளியே நின்றார்கள். இளநீர் வெட்டிவைத்திருந்தோம். வேண்டாம் என்றார். வண்டிக்காரர் குடித்தார். பங்குக் கோயில் ஊரில் இதே பரீட்சையை இதே உபதேசியார் கோயிலுக்குள்ளே, எல்லாரையும் பாயில் உட்கார வைத்து, கூட்டமாகப் பதில் சொல்லச் சொல்லி நடத்துவார். தடுமாறுகிறவர்களுக்கு முதல் வார்த்தையை எடுத்தும் கொடுப்பார். போன வருடம் நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன். நொச்சிப்பொட்டலில் மட்டும் ஒவ்வொருவராக, தனியாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றார். கேள்விகளையும் வரிசை மாற்றிக் கேட்டார்.

8. கையைக் கட்டச் சொன்னதிலேயே பாதி போயிற்று. இரண்டு வருடமாகக் கை ஓடும்போதுதான் இவர்களுக்கு வாய் ஓடியது. சோலையம்மாள் என்ற பெண்ணுக்கு ஐம்பதாம் கேள்வி வந்தது. அவள் நாற்பத்தொன்பதிலிருந்து தொடங்கப் பார்த்தாள், நிறுத்தினார். அவள் பின்னால் திரும்பி, "மலையம்மாக்கா, நீ கேளுக்கா. இவரு கேக்குறது எனக்கு ஏறவே மாட்டேங்குது" என்றாள். சிரிப்பு எழுந்தது. உபதேசியார் அவள் பேருக்கு நேரே கோடு போட்டார்.

9. அடுத்து மலையம்மாள். இந்த இடத்தைச் சுவாமியவர்கள் தயவுசெய்து நிதானமாக வாசிக்கக் கோருகிறேன். அவளுக்கு முதல் கேள்வியையே கொடுத்தார்.

"உன்னைப் படைத்தவர் யார்?"

மலையம்மாள் கணீரென்று, "எதுக்காகப் படைச்சாரு?" என்றாள்.

உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார். "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. படைத்தவர் யார்?"

அவள் பயந்துவிட்டாள். பயத்தில் அடுத்ததற்குத் தாவினாள். "சர்வேசுரன் எங்க இருக்காரு?"

உடனே அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் பழக்கத்தில் ஒரே குரலாக, "வானத்திலும் பூமியிலும் எங்கும் இருக்கிறார்" என்று பதில் சொல்லிவிட்டார்கள்.

"ஏய், நான் கேக்குறேனா, நீ கேக்குறியா? பரீட்சை எடுக்க வந்தது யாரு?" என்று உபதேசியார் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்கதான் சாமி" என்றாள். அன்று அவள் சொன்ன ஒரே பதில் அதுதான்.

10. பதிவேட்டில் அவள் பேருக்கு எதிரே உபதேசியார் எழுதியதை அப்படியே தருகிறேன்: "கேட்டால் எதிர்க்கேள்வி போடுகிறாள். அகங்காரி. பணிவு கற்கும் வரை ஞானஸ்நானத்துக்குத் தகுதியற்றவள்." முப்பத்து நான்கு பேரில் தேறியவர்கள் ஐந்து பேர். ஐவரும் ஆண்கள். பெண்களில் ஒருவரும் இல்லை.

11. சுவாமியவர்களே, அது எதிர்க்கேள்வி அல்ல. இரண்டு வருடமாக அவளுடைய பங்கு கேள்வி மட்டுமே. எழுபத்திரண்டு கேள்விகளையும் அவள்தான் மற்ற இருபத்திரண்டு பேர் வாயிலிருந்தும் பதிலாக வாங்கினாள். பதிலை ஒருநாளும் தன் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருந்ததும் இல்லை. மாதத்துக்கு ஒரு முறையாவது இடம் மாற்றி, வேறொருத்தியைக் கேட்கவிட்டு, இவளைப் பதில் சொல்ல வைத்திருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியன் நான். குற்றம் என்னுடையது, பதிவேட்டில் எழுதப்பட்டது அவள் பேருக்கு நேரே.

12. மறுநாள் மாலை அவள் வீட்டு வாசலில் வைத்துப் பரீட்சித்தேன். நான் கேட்டால் மறுபடி பழைய பழக்கம் வரும் என்று, அவள் மகள் தங்கப்பொண்ணு கையில் புத்தகத்தைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். மகள் கேட்டாள், தாய் பதில் சொன்னாள். எழுபத்திரண்டுக்கும் சொன்னாள். மூன்று இடத்தில் தடுமாறினாள். அந்த மூன்று இடத்தில் நானும் தடுமாறுவேன். வேலியோரம் நின்று கேட்டவர்கள் பத்துப்பேர் இருக்கிறார்கள், சாட்சி சொல்வார்கள்.

13. தேறிய ஐந்து பேரில் ஒருவர் இவளுடைய புருஷன் சோணைமுத்து. பெண்டாட்டிக்கு இல்லாத ஞானஸ்நானம் தனக்கும் வேண்டாம் என்கிறார். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "அவ இல்லாம நான் மட்டும் மோட்சத்துக்குப் போயி அங்க யாருகிட்டச் சண்டை போடுறது? வாத்தியாரே, நீங்க கல்யாணம் முடிக்கலை, உங்களுக்கு வெளங்காது" என்றார். மற்ற நால்வரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஆகவே பதிவேட்டில் ஐந்து என்று இருப்பது நடப்பில் ஒன்றுமில்லை.

14. நவம்பர் 1ஆம் தேதி எனக்கு உத்தரவு வந்தது. நொச்சிப்பொட்டல் ஜனங்கள் "இன்னும் பக்குவப்படவில்லை" என்றும், டிசம்பர் முதல் தேதிக்குள் கரும்பலகை, சிலேட்டுகள், மணி ஆகியவற்றை வேறு கிராமத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. இங்கே இப்போது நாற்பத்தொரு பிள்ளைகள் படிக்கிறார்கள். அலங்காநல்லூர்ப் பள்ளிக்கூடத்துக்கு இந்தத் தெருப் பிள்ளைகள் போனால் எங்கே உட்கார வைப்பார்கள் என்பதைச் சுவாமியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்பு போன இரண்டு பேர் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள். ஆகவே டிசம்பர் முதல் தேதிக்குப் பிறகு இந்தத் தெருவில் படிப்பு என்பது கிடையாது.

15. தங்கப்பொண்ணுக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்பு. இந்தத் தெருவில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிற முதல் பெண்பிள்ளை. தாய்க்குத் தன் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தவளும் இவள்தான். உத்தரவு வருவதற்கு முன்பே, பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் காசிமாயன் வரப்பில் நின்று எல்லார் முன்னிலையிலும் சொன்னது: "ஏ மலையம்மா, உங்க சாமியே உன்னைய பெயிலாக்கிட்டாராமுல்ல? வாத்தியாரும் மூட்டையைக் கட்டப் போறாராம். அப்புறம் பிள்ளை சும்மாதான இருக்கும்? மார்கழி பிறந்ததும் நம்ம தொழுவத்துக்குச் சாணி அள்ள அனுப்பிவிடு." மலையம்மாள் குனிந்து அடுத்த நாற்றை ஊன்றினாள். அவர் நிலத்தில் நின்றுகொண்டு என்ன பதில் சொல்ல முடியும்? காசிமாயன்மேல் நான் புகார் எழுதவில்லை. அவர் மிஷனைச் சேர்ந்தவர் அல்ல. நாம் கைவிட்டால் பிள்ளை எங்கே போகும் என்பதை அவர் நமக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

16. பரீட்சைக்கு மறுநாளிலிருந்து நடவில் சத்தம் இல்லை. மலையம்மாள் கேள்வி எடுப்பதில்லை. ஞானோபதேசம் மட்டுமல்ல, பழைய நடவுப் பாட்டையும் எடுப்பதில்லை. மற்றவர்களும் வாயைத் திறப்பதில்லை. நான் வழக்கப்படி புத்தகத்தோடு வரப்பில் போய் நிற்கிறேன். நாற்றுக்கட்டு தண்ணீரில் விழுகிற சத்தம்தான் கேட்கிறது. காசிமாயன்கூட, "என்ன வாத்தியாரே, பாட்டைக் காணோம்? வேலை இழுக்குதே" என்று கேட்டுவிட்டார். அவர் ஒருவர்தான் இதுவரை கேட்டிருக்கிறார். பங்கிலிருந்து யாரும் கேட்கவில்லை.

17. என்னைப் பற்றியும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் இந்த மனு நேர்மையாக இருக்காது. பரீட்சை நடந்தபோது நான் உபதேசியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மலையம்மாள் கேள்வியைத் திருப்பிச் சொன்னதுமே காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. "ஐயா, அவள் கேள்விக்காரி, அதனால் அப்படி வருகிறது" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. வருஷாவருஷம் என் நடத்தைச் சான்றில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். நானும் இதைப் போன்ற ஒரு தெருவில், அவனியாபுரத்துக்குத் தெற்கே, பிறந்தவன். பெரிய உபதேசியார் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எங்கள் அப்பா கையைக் கட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன். அன்று குனிந்து பார்த்தபோது என் கையும் கட்டியிருந்தது. மலையம்மாள் என்னை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பணிவு போதாது என்று பதிவேட்டில் எழுத வேண்டுமானால் அவளைப் பற்றி எழுதியிருக்கக்கூடாது. பணிவு அதிகம் என்று என்னைப் பற்றி எழுதியிருக்கலாம்.

18. ஆகவே நான் கேட்டுக்கொள்வது. சலுகை காட்ட வேண்டாம். கேள்விகளைக் குறைக்கவும் வேண்டாம். மறுபரீட்சைக்குச் சுவாமியவர்களே வர வேண்டும்; அல்லது வேறொரு சுவாமியாரை அனுப்ப வேண்டும். இந்தப் போகத்து நடவு இன்னும் எட்டு நாளோ பத்து நாளோதான். அதற்குள் வந்தால் வரப்பில் நின்றபடியே இருபத்து மூன்று பெண்களையும் கேட்டுவிடலாம். கால் சேறாகும் என்றால் பள்ளிக்கூடக் கொட்டகைக்குள் வந்து, பாயில் உட்கார வைத்துக் கேளுங்கள். மலையம்மாளை மட்டும் தங்கப்பொண்ணு கேட்கட்டும். அந்தப் பரீட்சை முடியும் வரை டிசம்பர் முதல் தேதி உத்தரவை நிறுத்தி வைக்க வேண்டும். மறுபரீட்சையிலும் அவர்கள் தவறினால் மணியை நானே கழற்றித் தலையில் சுமந்து கொண்டுபோய் ஒப்படைக்கிறேன். மறுபரீட்சையின் முடிவு எதுவானாலும், பதிவேட்டில் இருக்கும் "அகங்காரி" என்ற வார்த்தையை அடித்துவிட வேண்டும். மலையம்மாள் ஞானஸ்நானம் பெறாமல் போனாலும் அந்த வார்த்தை அங்கே இருக்கக்கூடாது.

இந்த மனுவை எழுதியதற்காக என்மேல் நடவடிக்கை வரலாம். வரட்டும். அதைப் பள்ளிக்கூடத்தின் விஷயத்தோடு சேர்க்க வேண்டாம் என்று மட்டும் கோருகிறேன்.

19. கடைசியாக ஒன்று. முந்தாநாள் காலையில் மலையம்மாள் வயலிலிருந்து நிமிர்ந்து, மகளுக்குப் பதில் சொன்ன அந்த மாலைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள். நடவு நின்றது. எல்லாப் பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாத்தியாரே, நீங்க சொன்ன கேள்வியைத்தான் ரெண்டு வருசமா நான் கேட்டேன். தப்பா ஒரு வார்த்தை கேக்கலை. பதில் சொல்றவங்களுக்குத்தான் மோட்சம், கேள்வி கேக்குறவளுக்குக் கிடையாதுன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

எழுபத்திரண்டு கேள்விகளில் இது இல்லை. வழக்கமாக அவள் குரலுக்குப் பதில் சொல்லும் இருபத்திரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். "மேலே எழுதிக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக் காலையும் நான் அந்த வரப்பில்தான் நிற்க வேண்டும். பதில் வந்ததா என்று அவள் கேட்பாள். சுவாமியவர்கள் என்ன சொல்லச் சொல்கிறீர்களோ, அதை அவளிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சோ. பிலவேந்திரன்

இடம்: நொச்சிப்பொட்டல்
தேதி: 9-11-1937

மேலே கண்டவை உண்மை என்று ஒப்புக்கொள்கிறவர்கள்:
சோணைமுத்து (இடது கைப் பெருவிரல் ரேகை)
சோலையம்மாள் (இடது கைப் பெருவிரல் ரேகை)
மற்றும் முப்பத்தொரு பேர் (ரேகைகள் பின்பக்கத்தில்)
மலையம்மாள் (சொந்தக் கையெழுத்து)